டேமேஜ் இல்லாத ஏழு மீன்கள்

சவூதியில், ஜுபைலில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்தபோது என்னிடம் ஏழு மர மீன்கள் இருந்தன. ஏழும் அமெரிக்க மீன்கள். கட்டிலுக்கு மேலே வரிசையாக ஆணியடித்து ஏழையும் நூலில் தொங்கவிட்டிருந்தேன். ஏ.சி. காற்றில் ஏழும் ஒரே பக்கமாகத் திரும்பி நிற்கும். டூட்டி முடிந்து ரூமுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் அவற்றை ஒருமுறை எண்ணுவேன். யார் களவெடுக்கப் போகிறார்கள் என்று கூட இருந்தவர் கேட்பார். யாரும் எடுக்கமாட்டார்கள்தான். எண்ணுவதில் அவ்வளவு சந்தோஷம், அதனால் எண்ணினேன்.

எட்டாவதாக ஒரு மீன் வேண்டும் என்று நான் பைத்தியமாய் அலைந்ததைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் இது என்ன மீன் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு சாண் நீளம் இருக்கும். பைன் மரத்தில் கையால் செதுக்கியது. செதிலெல்லாம் பெயின்ட். துடுப்புகள் தகரத்தில் வெட்டிச் செருகியவை. கண்ணுக்குப் பித்தளைக் குமிழ் ஆணி. வயிற்றைக் குடைந்து ஈயம் ஊற்றி அடைத்திருப்பார்கள், அதனால் கையில் எடுத்தால் நினைத்ததைவிடக் கனக்கும். முதுகில் நூல் கட்டச் சின்ன வளையம் ஒன்று. தூண்டில் முள் மட்டும் எங்கே தேடினாலும் இருக்காது.

முதல் மீன் நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பில் நடந்த ஒரு சேலில் கிடைத்தது. கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போகிற அமெரிக்கர்கள், கொண்டுபோக முடியாத சாமான்களை வாசலில் மேசை போட்டு விற்றுவிட்டுப் போவார்கள். நான் டேபிள் ஃபேன் வாங்கத்தான் போனேன். மீனோடு திரும்பி வந்தேன். ஏன் வாங்கினாய் என்று கேட்டால் சொல்ல என்னிடம் காரணம் எதுவும் இல்லை. அதன் முகம் பிடித்துப் போயிற்று.

என்னோடு ரூமில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். சைட்டுக்கு போர்டு எழுதுகிற பெயின்டர். அரபி எழுத்தை வாசிக்கத் தெரியாமலே, அரபிகள் பாராட்டும்படி எழுதுகிற கை அவருக்கு. அவர் என் மீனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முள்ளும் இல்லை, ஒண்டும் இல்லை. சின்னப் பிள்ளையளின்ர விளையாட்டுச் சாமான் இது. ஃபேன் வாங்கப் போறன் எண்டுதானே போனீர்? உமக்கென்ன விசரோ?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மீன் விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்லக்கூடாது. நான் கீழக்கரைக்காரன். கடற்கரை ஊர்க்காரன் என்பதால் எனக்கு மீன் பிடிக்கத் தெரியும் என்று கேம்ப்பில் பலர் நினைத்திருந்தார்கள். எனக்கு மீன் வாங்கத்தான் தெரியும். எங்கள் குடும்பம் வியாபாரக் குடும்பம், வலையைத் தொட்ட கை ஒன்றும் கிடையாது. ஆனால் செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஒரு கீறல் இல்லாத மீனாகப் பொறுக்குவதில் என்னை யாரும் ஏமாற்றிவிட முடியாது. ஸ்டோரிலும் அதே கண்தான். லாரி வந்து நின்றால் ஒவ்வொரு பெட்டியையும் சுற்றிவந்து பார்ப்பேன். எல்லாம் ஒழுங்காக இருந்தால் ரசீதில் 'க்ளீன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஒரு மூலை நசுங்கியிருந்தாலும், ஒரு விரல் அளவு பெயின்ட் உரிந்திருந்தாலும் 'டேமேஜ்' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவேன். டிரைவர்கள் "பாய், சின்னக் கீறல்தானே" என்று கெஞ்சுவார்கள். நான் மசியமாட்டேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

அந்த மீன் எதற்கு என்று எனக்குச் சொன்னவர் பைப்பிங் ஃபோர்மேன். அறுபதை நெருங்கிய அமெரிக்கர், மின்னசோட்டாக்காரர். அதிகம் பேசாத மனிதர். அவரோடு அதே பக்கத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றாக வந்து எங்கள் பிளான்ட்டில் வேலை செய்தார்கள். ஒருநாள் கேஸ்கெட் வாங்க ஸ்டோருக்கு வந்தவர், கவுன்ட்டரில் பேப்பர் பறக்காமல் இருக்க நான் வைத்திருந்த மீனைப் பார்த்துவிட்டார். கையில் எடுத்தார். விளக்குக்கு நேரே பிடித்து ஒரு பக்கம் பார்த்தார், மறு பக்கம் பார்த்தார்.

"வெரி க்ளீன்" என்றார்.

என் பாஷையில் ஒருவர் பேசிவிட்டார் என்று நான் பூரித்துப் போனேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். அவர் என் பேனாவை வாங்கி, ஒரு வவுச்சரின் முதுகில் படம் வரைந்து விளக்கினார்.

அவர் ஊரில் குளிர்காலத்தில் ஏரி உறைந்து போகும். அதன் மேல் லாரியே ஓட்டிக்கொண்டு போகலாம். உறைந்த ஏரியின் நடுவில் ஜன்னல் இல்லாத ஒரு சின்னக் குடிசையை வைப்பார்கள். உள்ளே தரை பனிக்கட்டி. அதில் மேசை அளவுக்கு ஒரு துளை அறுப்பார்கள். கதவைச் சாத்தினால் குடிசைக்குள் கும்மிருட்டு. ஆனால் வெளியே அடிக்கிற வெயில் பனிக்கட்டி வழியாக இறங்கி, தண்ணீருக்குள் வெளிச்சமாக இருக்கும். அடிமண் வரைக்கும் தெரியும். அந்தத் துளையில் இந்த மர மீனை நூலில் இறக்கி லேசாகச் சுண்டினால் அது உயிருள்ள மீன் மாதிரி வட்டமடிக்கும். அதைத் தின்ன ஒரு பெரிய மீன் வரும். ஈட்டியை எடுத்துக் குத்த வேண்டியதுதான்.

"முள்?" என்று கேட்டேன்.

"முள் எதற்கு? அதுவே பார்க்க வரும்" என்றார்.

வெளியே சிமென்ட் தரையில் கால் வைக்க முடியாத வெயில். நான் அவர் முகத்தையே பார்த்தேன், விளையாடுகிறாரோ என்று. இல்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஏரியின் மேல் வீடு, வீட்டுக்குள் இருட்டு, இருட்டுக்குக் கீழே வெளிச்சம், அந்த வெளிச்சத்தில் என் மேசை மேல் கிடக்கிற இந்த மீன். அன்று முழுக்க நான் யாருக்கும் சாமான் ஒழுங்காக எடுத்துக் கொடுக்கவில்லை. மூன்று அங்குல பைப் கேட்டவருக்கு நான்கு அங்குலம் போயிற்று.

அந்தப் பெரிய மீனின் பெயர் 'பைக்'. ரூமில் போய்ச் சொன்னேன், மர மீனைப் பார்க்க பைக் வரும் என்று. யாழ்ப்பாணத்துக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "எந்தக் கொம்பனியின்ர பைக்?" என்று கேட்டார். அதிலிருந்து ஒரு மாதம் என்னைக் கண்டால் ஹாரன் அடிப்பது போல வாயால் சத்தம் எழுப்புவார்.

ஆனால் நான் விடவில்லை. மறுநாளே மெஸ் வாசலில் இருந்த நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் ஒட்டினேன். ஐஸில் பிடிக்கிற மீன், அதனால் ஐஸ் மீன். 'பழைய ஐஸ் மீன் தேவை. எந்த சைஸ் ஆனாலும் சரி. மெயின் ஸ்டோர்' என்று கொட்டை எழுத்தில் இங்கிலீஷில் எழுதினேன். ஐஸ் மீன் என்றால் நம் ஊரில் நாள்கணக்கில் ஐஸில் கிடந்த மீன் என்பது, இத்தனை வருடம் மீன் வாங்கிய எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவே இல்லை.

மத்தியானம் மெஸ்ஸில் சமைக்கிற காக்கா, ஒரு டிராலியைத் தள்ளிக்கொண்டு ஸ்டோர் வாசலில் வந்து நின்றார். காயல்பட்டினத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம். டிராலியில் ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஐஸ் மீனு கேட்டியளாமே தம்பி. பழசுதான் வேணும்னு வேற எழுதியிருக்கிய. ஃப்ரீசர்ல ஒரு பெட்டி கிடக்கு, ஒரு மாசமா யாரும் தொடமாட்டேங்கிறாங்க. உங்களுக்குன்னா சும்மாவே தர்றேன்."

"காக்கா, நான் கேட்டது மர மீன்."

"அதத்தான் நானும் சொல்றேன். மரக்கட்டையாத்தான் கெடக்கு. தட்டிப் பாருங்களேன்."

நான் விளக்கி முடிப்பதற்குள் மீன் இளகி, ஸ்டோர் முழுக்க வாடை பரவிவிட்டது. மூன்று நாளைக்கு அந்த வாடை போகவில்லை. கேம்ப்பில் என் பெயர் 'ஐஸ் மீன் பாய்' ஆயிற்று. பாகிஸ்தானி கிரேன் ஆபரேட்டர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

அந்தக் கேலியில் ஒரு லாபமும் இருந்தது. விஷயம் மின்னசோட்டாக்காரர்களின் காதுக்குப் போய், அவர்கள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு ஒவ்வொருவராக என்னைத் தேடி வந்தார்கள். சாவி மாட்ட ஒருவர் வைத்திருந்தார். டூல் பாக்ஸின் அடியில் ஒருவர் போட்டிருந்தார். ஊர் ஞாபகத்துக்கு என்று கேபின் கதவில் தொங்கவிட்டிருந்தார் இன்னொருவர். கான்ட்ராக்ட் முடிந்து போகும்போது எனக்குத் தருவார்கள். ஒன்றரை வருடத்தில் ஏழு மீன் சேர்ந்தது. ஒவ்வொன்றையும் ஸ்டோர் வேலை மாதிரியே சுற்றிச் சுற்றிப் பார்த்துத்தான் எடுத்தேன். கீறல் இருந்தால் வேண்டாம்.

ஒருமுறை ஒரு வெல்டர் கொண்டுவந்த மீன் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கீறல். பெயின்ட் போய் மரம் தெரிந்தது. வால் தகரம் மடங்கிக் கிடந்தது. "டேமேஜ்" என்று சொல்லி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற ஃபோர்மேன் அதை வாங்கி, கேட்ட விலையைக் கொடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அவர் மேல் இரக்கமாக இருந்தது. நல்ல மனிதர், பாவம், பொருள் பார்க்கத் தெரியவில்லையே என்று நினைத்தேன்.

ஏழு மீனையும் அவரிடம் காட்டியிருக்கிறேன். ஏழு தடவையும் ஒரே வார்த்தைதான். "வெரி க்ளீன்." ஒவ்வொரு தடவையும் என் நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது.

இனி அந்தச் சிவப்பு மீன்.

அது ஃபோர்மேனின் கேபினில், அவர் மேசைக்கு நேர் மேலே தொங்கியது. அவருடைய அப்பா செதுக்கியது. முதுகு குங்குமச் சிவப்பு, வயிறு பாலாடை நிறம், ஒவ்வொரு செதிலுக்கும் மயிரிழை மாதிரி தங்க விளிம்பு. அவ்வளவு பழையது, ஆனால் தலையிலிருந்து வால் வரை ஒரு புள்ளி உரியவில்லை. முதல் தடவை பார்த்தபோது நான் எதற்கு வந்தேன் என்பதையே மறந்து நின்றேன். பிறகு காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கேபினுக்குப் போக ஆரம்பித்தேன். கையெழுத்து வாங்க, கையெழுத்து வாங்க மறந்ததை வாங்க, வாங்கிய கையெழுத்தைச் சரிபார்க்க. வெட்கத்தை விட்டு ஒருநாள் கேட்டேவிட்டேன்.

அவர் மேலே தொங்கிய மீனை ஒருமுறை பார்த்தார்.

"விற்பதில்லை. எங்கள் ஊரில் செதுக்குகிறவர்கள் மீனுக்கு மீன் மாற்றிக்கொள்வார்கள். நீ ஒன்று செதுக்கு."

"நானா?"

"ஜனவரியில் லீவுக்குப் போகிறேன். உன் மீனை என் துளையில் இறக்குகிறேன். ஒரு பைக் அதை மீன் என்று நம்பினால் இது உன்னுடையது."

"நம்பாவிட்டால்?"

"நம்பாவிட்டால் நீ செய்தது பொம்மை. பொம்மைக்குப் பதிலாக அப்பாவின் மீனைத் தரமாட்டேன்."

அது அவருடைய கடைசி லீவு. பிப்ரவரியில் திரும்பி வருவது சாமான் கட்டத்தான், அதற்குப் பிறகு ஜுபைலுக்கு வரமாட்டார். எனக்கு இருந்தது ஒரே வாய்ப்பு. கையில் மூன்று மாதம் இருந்தது.

மரத்துக்குக் கவலை இல்லை. குளிர் நாடுகளிலிருந்து மெஷின் வரும் பெட்டிகளெல்லாம் பைன் பலகைதான். ஒரு கணுக்கூட இல்லாத துண்டாகப் பொறுக்கினேன். கார்ப்பென்டர் ஷாப்பில் உளி வாங்கினேன். பால்மா டின்னை வெட்டித் துடுப்பு. டயர் ஷாப்பில் சக்கரம் பேலன்ஸ் பண்ண ஒட்டுகிற ஈயத் துண்டுகளைப் பொறுக்கி உருக்கி வயிற்றுக்குள். எந்த மீன் செய்வது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மடவை. ஒழுங்கான உருட்டு உடம்பு, அகலமான தலை. ஆயிரம் மடவையாவது கையில் எடுத்துப் பார்த்திருப்பேன், அதன் உடம்பு என் விரலுக்குத் தெரியும்.

விரலுக்குத் தெரிந்தது உளிக்குத் தெரியவில்லை. முதல் மீன் கத்தரிக்காயாக வந்தது. இரண்டாவது கொஞ்சம் மீன் மாதிரி இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு, தண்ணீரில் விட்டுப் பார்க்க மெஸ்ஸுக்கு ஓடினேன். காக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"மீன் கழுவுற தொட்டியில பெயின்ட்ட கரைச்சு, நாளைக்கு எல்லாருக்கும் வயித்தால போச்சுன்னா என் வேலை கலாஸ். அந்தாண்ட பழைய தண்ணி டேங்க் ஒண்ணு கெடக்கு, அதுல விட்டுப் பாருங்க."

மெஸ்ஸுக்குப் பின்னால் மூடி இல்லாத ஃபைபர் டேங்க் ஒன்று இடுப்பளவு உயரத்தில் கிடந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் நானும் காக்காவும், வேடிக்கை பார்க்க யாழ்ப்பாணத்துக்காரரும் அதைச் சுற்றி நிற்போம். இரண்டாவது மீன் வயிற்றை மேலே காட்டி மிதந்தது. "மையத்து, உசுரு போச்சு" என்றார் காக்கா. ஈயத்தைக் கூட்டினேன். கல்லாய் அடியில் போய் உட்கார்ந்தது. குறைத்தேன். இந்தத் தடவை தலையைத் தூக்கிக்கொண்டு வால் கீழாக நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு, பத்து நிமிஷம் கழித்து நானே போய்த் தேடி எடுத்துவந்தேன்.

மூன்றாவது மீன்தான் மீன். வாலை இடது பக்கம் ஒரு நூல் அளவு வளைத்தேன். வளையத்தைத் தலைப்பக்கம் கொஞ்சம் தள்ளி அடித்தேன். பெயின்ட் வேலையை யாழ்ப்பாணத்துக்காரர் வலிய வந்து எடுத்துக்கொண்டார். கேலி பண்ணிய மனிதர் மூன்று மாலை மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தார். வெள்ளி உடம்பு, சாம்பல் முதுகு, நீளவாக்கில் மெல்லிய கோடுகள். எல்லாம் சரி. கடைசியில் பக்கவாட்டில் மஞ்சள் புள்ளி வைக்க ஆரம்பித்தார். நான் பதறிப் போய்க் கையைப் பிடித்தேன்.

"மடவைக்கு மஞ்சள் புள்ளி ஏது?"

"சும்மா இரும். அங்கத்தைய மீன் உம்மட மடவையைக் கண்டதே? அதுக்குக் கண்ணில படோணும், அவ்வளவுதான்."

பெயின்ட் காய்ந்த பிறகு வந்த வெள்ளிக்கிழமை அது. நவம்பர் முடிந்து வெயில் கொஞ்சம் இறங்கியிருந்தது. மீன் போகப்போவது ஐஸுக்கு, அதனால் ஐஸிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். காக்கா மெஸ்ஸிலிருந்து இரண்டு ஐஸ் பாளத்தைக் கொண்டுவந்தார். டேங்கின் வாயில் பலகை போட்டு, பாளங்களை நடுவில் இடைவெளி விட்டு வைத்தோம். இருட்டுக் குடிசைக்கு என்ன செய்வது? ஒரு கம்பளியைக் கொண்டுவந்து, ஐஸ் பாளங்களும் மறையும்படி நானும் காக்காவும் தலையோடு போர்த்திக்கொண்டு குனிந்தோம்.

ஒன்றும் தெரியவில்லை. தண்ணீரும் இருட்டு, நாங்களும் இருட்டு. வேர்வை கொட்டியது. மெஸ்ஸுக்கு வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பது காதில் விழுந்தது. காக்கா, "தம்பி, மூச்சு முட்டுது" என்றார். வெளியே நின்ற யாழ்ப்பாணத்துக்காரர், "கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லி, கம்பளியின் ஓரத்தைத் தூக்கி, சைட் டார்ச்சை ஐஸ் பாளத்தின் பக்கத்தில் ஒட்டிப் பிடித்து அடித்தார்.

டேங்குக்குள் நீல வெளிச்சம் பரவியது. ஐஸ் முழுக்க விளக்காகி, தண்ணீர் அடிவரை தெரிந்தது. நான் நூலைச் சுண்டினேன். மீன் நேராக முன்னால் போயிற்று, இடது பக்கம் சாய்ந்தது, வட்டமடித்து என் கைக்கு அடியில் வந்து நின்றது. மறுபடி சுண்டினேன். மறுபடி வட்டம். மஞ்சள் புள்ளி ஒவ்வொன்றும் திரும்பும்போது மின்னியது.

"அல்லாவே, உசுரு வந்துருச்சு" என்றார் காக்கா.

சந்தோஷத்தில் நான் விடாமல் சுண்டினேன். சுண்டச் சுண்ட மீன் இன்னும் நன்றாக நீந்தியது. யாழ்ப்பாணத்துக்காரர் டார்ச்சை யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டுக் கம்பளிக்குள் நுழைந்தார். ஐஸ் கரைந்து முடியும்வரை மூன்று பேரும் தலையை வெளியே எடுக்கவே இல்லை.

டிசம்பரில் மீனைத் துணியில் சுற்றி ஃபோர்மேனிடம் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்த்தார். "க்ளீன்" என்றார். வெரி இல்லை. அது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று தைத்தது.

ஜனவரி எப்படிப் போயிற்று என்று எனக்கே தெரியாது. வால்வு இருக்க வேண்டிய இடத்தில் போல்ட்டை அடுக்கினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே, இப்போது அங்கே பகலா என்று கேட்பேன். யாழ்ப்பாணத்துக்காரர் கேலி பண்ணுவதை அடியோடு நிறுத்திவிட்டார், காலையில் எழுந்ததும் "இண்டைக்குக் கடிச்சிருக்குமே?" என்பார். சிவப்பு மீனுக்காக எட்டாவது ஆணியை அடித்து வைத்தேன். பிப்ரவரி முதல் வாரம் வந்தது. ஃபோர்மேன் வரவில்லை. ஒருநாள், இரண்டு நாள், மூன்று நாள். வரவே மாட்டார் என்று முடிவு கட்டி, அவரை மனதுக்குள் திட்டவும் ஆரம்பித்துவிட்டேன்.

நான்காவது நாள் காலையில் கேஸ்கெட் வாங்க வருகிறவர் மாதிரி சாதாரணமாக வந்து நின்றார். மூக்கு குளிரில் வெந்து சிவந்திருந்தது. கேபினிலிருந்து கழற்றி வந்த சிவப்பு மீனைக் கவுன்ட்டரில் வைத்தார்.

"உன்னுடையது. கலாஸ்."

கையை நீட்டினேன். தொடுவதற்கு முன்னால் வாயில் வந்தது வேறு கேள்வி. "என் மீன் எங்கே?"

கோட் பையிலிருந்து எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். பார்த்ததும் எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. வலது பக்கம் தலைக்குப் பின்னாலிருந்து வால் வரை கீறல். பெயின்ட் பெயர்ந்து மரம் தெரிந்தது. நானே வெட்டிய துடுப்பு ஒன்று மடங்கிக் கிடந்தது. மூன்று மாத வேலை.

"என்ன பண்ணி வைத்திருக்கிறாய்? இதைச் சுத்தமாக டேமேஜ் பண்ணிவிட்டாயே" என்று கத்தினேன். ஒரு ஃபோர்மேனிடம் அப்படிக் கத்தியது அதுதான் முதலும் கடைசியும்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு என் விரலைப் பிடித்து அந்தக் கீறலின் மேல் வைத்தார். அது கீறல் இல்லை. வரிசையாகக் குழி. ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள் வளைவாக ஓடின. மீனைத் திருப்பினார். அந்தப் பக்கமும் அதே வளைவு.

பல்.

"மூன்றாவது நாள்" என்றார். "உன் மீன் இடது பக்கமாக வட்டமடித்துக்கொண்டிருந்தது. அடியிலிருந்து ஒன்று வந்தது, என் கை நீளம். நின்று பார்த்தது. நான் ஈட்டியை எடுப்பதற்குள் பாய்ந்து கவ்விவிட்டது. விடவே இல்லை. நூலைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது."

நான் அதை மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரரைக் கூப்பிட ஆள் அனுப்பிவிட்டு, அவர் வந்ததும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். பெயின்ட் வாளியோடு ஓடிவந்தவர் குனிந்து பல் குழிகளைப் பார்த்தார். இரண்டு குழி சரியாக மஞ்சள் புள்ளியில் விழுந்திருந்தது. அதை விரலால் தொட்டுக் காட்டினார்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. கட்டிலுக்கு மேலே தொங்குகிற ஏழு மீன்கள். ஏழு தடவை 'வெரி க்ளீன்'. அந்த மனிதர் என்னைப் பாராட்டவே இல்லை. எந்த மீனும் நம்பாத ஏழு மீனைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வைத்திருக்கிறேன். நான் டேமேஜ் என்று தள்ளிய ஒன்றை அவர் பையில் போட்டுக்கொண்டு போனார்.

"அப்போது இது?" என்று சிவப்பு மீனைக் காட்டினேன்.

"அப்பா செய்ததிலேயே அழகான மீன். தண்ணீரில் இறக்கினால் சாய்ந்துகொண்டு போகும். ஒரு பைக் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அவருக்கு அதில் ரொம்ப வருத்தம். அதனால்தான் சுவரில் மாட்டிவிட்டார்" என்றார். சொல்லும்போது அவர் கை அந்த மீனின் முதுகில் இருந்தது. "பேச்சு பேச்சுதான். எடுத்துக்கொள். உன் மீன் எனக்கு."

இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்றரை வருடம் நான் ஆசைப்பட்டது என் கை எட்டும் தூரத்தில் பளபளவென்று கிடந்தது. ஆனால் என் கை அதன் பக்கம் போகவில்லை. பல் பதிந்த மடவையை இழுத்து என் பக்கம் வைத்துக்கொண்டேன்.

"சிவப்பு மாஃபி, அது வேண்டாம். எனக்கு இதுதான் வேண்டும்" என்றேன்.

"நிச்சயமாகவா?"

"நிச்சயமாக."

அவர் ஒரு பெரிய மூச்சு விட்டார். லீவுக்குப் போவதற்கு முன்னாலிருந்தே அடக்கி வைத்திருந்த மூச்சு அது என்று எனக்குத் தோன்றியது. கைக்குட்டையை எடுத்து, அப்பாவின் மீனைத் தலையிலிருந்து வால் வரை சுற்றி, கோட்டின் உள்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார், விட மனமில்லாமல் குலுக்கினார்.

அவர் போன பிறகு, ஏதாவது செய்யாவிட்டால் அழுதுவிடுவேன் போல இருந்தது. சரக்கு வந்தால் எழுதுகிற ரசீதுப் புத்தகத்தை எடுத்தேன். பொருள்: மர மீன். எண்ணிக்கை: ஒன்று. நிலை என்கிற இடத்தில் 'டேமேஜ்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அதற்குக் கீழே, என் சர்வீஸில் அந்த வார்த்தைக்குக் கீழே ஒருமுறையும் எழுதாததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: பெற்றுக்கொண்டேன்.